சென்னையைக் கடலோரமாகப் பாருங்கள்: முதல் முறை வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்கு முதல் முறை வருகிறவர்கள் பலர் தி. நகரில் துணி எடுத்து, மெரினாவில் கால் நனைத்து, ஒரு மாலில் படம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அப்புறம் "வெயிலும் கூட்டமும்தான், வேறென்ன இருக்கிறது" என்கிறார்கள். இங்கேயே வாழ்கிற எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஒரே ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டால் பார்த்து முடித்ததாகச் சொல்லக்கூடிய ஊர் இல்லை இது. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் இங்கே எல்லாமே. மூன்று நாள் கையில் இருந்தால் போதும். கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வாருங்கள்.

ஏன் கடலோரமாக? இது துறைமுகமே இல்லாத இடத்தில் உண்டான துறைமுக நகரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே இடம் வாங்கியபோது இருந்தது வெறும் மணற்கரை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். 1881இல் அடித்த புயல் அதைச் சிதைத்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள்.

அந்தச் சுவர் நகரத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகலமான மெரினா ஆனது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கே இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள், ஊர் வேறு மாதிரி தெரியும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வந்தால் நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் திட்டமெல்லாம் மாறிவிடும். மே மாத அக்னி நட்சத்திரத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்து வர வேண்டாம். எந்த மாதமானாலும் காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே அலையாதீர்கள். அது அருங்காட்சியகத்துக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்குமான நேரம். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியதும் கிளம்பலாம்.

கிழமையையும் கவனியுங்கள். எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக் கடைத்தெருக்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். இந்த மூன்றும் தெரியாமல் வந்துதான் பலர் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

எங்கே தங்குவது, எதில் போவது

எழும்பூர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் இந்த மூன்றில் ஒன்றில் தங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ அறை மலிவாகக் கிடைத்தாலும், மிச்சம் பிடித்த பணம் வண்டிச் செலவிலேயே போய்விடும். திருவல்லிக்கேணியில் எல்லா விலையிலும் அறை உண்டு, விடிகாலையில் நடந்தே கடற்கரைக்குப் போய்விடலாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எழும்பூர் வசதி.

ஊருக்குள் போக மெட்ரோவும் மின்சார ரயிலும் முதல் தேர்வு. பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி வரை போகிற ரயிலைப் பறக்கும் ரயில் என்று சொல்வோம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை என்று நீங்கள் பார்க்க வேண்டிய இடங்களின் வாசலிலேயே நிற்கும், டிக்கெட்டும் மிகக் குறைவு. சில நிலையங்கள் இரவில் ஆளரவம் இல்லாமல் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் தனியாக வருகிறவர்கள் பேருந்தையோ ஆட்டோவையோ பிடிப்பது நல்லது.

ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம். ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி இவற்றில் ஏதாவது ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கையைக் காட்டி நிறுத்தினால் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம்.

முதல் நாள்: விடியும் முன் காசிமேடு

முதல் நாள் அலாரம் வைத்து எழுந்து காசிமேடு போங்கள். சென்னையில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். துறைமுகத்துக்குள் நம்மைப் போன்றவர்களை விட மாட்டார்கள்; ராஜாஜி சாலையில் போனால் மதில்தான் தெரியும். ஆனால் அதற்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கிற மீன்பிடித் துறைமுகத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.

இருட்டிலேயே விசைப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஐஸோடு மீனைக் கூடை கூடையாக இறக்குவார்கள். ஏலம் விடுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். சுற்றி நிற்கிற பெண்கள் தலையசைப்பதும் விரல் காட்டுவதும்தான் பேரம். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, நெத்திலி, கடம்பா எல்லாம் இருக்கும். பெரிய மீனை எடை போட்டும், சின்ன மீனைக் கூறு கட்டியும் விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வரும். அந்தக் கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாளில் போகலாம்.

சில விஷயங்கள். தரை முழுக்கத் தண்ணீரும் செதிலும்தான். வழுக்காத பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தலையில் கூடையோடு வருகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், அவர்கள் வேலை நேரம் அது. படம் எடுக்கும் முன் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் திட்டு விழும், அது நியாயமும்கூட. வண்ணாரப்பேட்டை அல்லது தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. மெட்ரோ ஓடத் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர நினைத்தால் தங்கும் இடத்திலிருந்தே வண்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலமும் அடங்கிவிடும். ஆனால் படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்க, வலை பின்னுவதும் பலகை மாற்றுவதும் சாயம் பூசுவதுமாக வேறொரு காசிமேடு இருக்கும். பேச ஆளுக்கு நேரமும் இருக்கும்.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண்கள் வைத்த பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. இவ்வளவு பெரிய சரித்திரத்துக்கு அங்கே கூட்டமே இருக்காது.

பாரிமுனைத் தெருக்கள்

குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குள் பாரிமுனையைச் சுற்றியிருக்கிற பழைய கடைவீதிப் பகுதியான ஜார்ஜ் டவுன் பக்கம் நடக்கலாம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரம். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். கொஞ்சம் தள்ளி அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம். வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் மரநிழலும் கல்லறைக் கற்களும் மட்டும். ஆர்மீனிய வியாபாரிகள் இந்த ஊரில் யாருமே மிச்சமில்லை, கோயில் இருக்கிறது. காலையில் போனால்தான் திறந்திருக்கும்.

உயர் நீதிமன்றத்தின் செங்கல் நிறக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் கோபுர உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துப் பக்கமிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. குண்டு விழுந்த இடம் ஒன்றில், நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில், நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். தேடிப் பாருங்கள்.

மாலையில் இதே பகுதிக்கு இன்னொரு முறை வர ஒரு காரணம் இருக்கிறது: அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அவர்கள் பிழைப்பதற்காக உண்டான கடைவீதிதான் பர்மா பஜார். அதன் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, எண்ணெய் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயம் வைத்த பேஜோவையும் கேட்டு வாங்குங்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

கோட்டையும் எழும்பூரும்

புனித ஜார்ஜ் கோட்டை இப்போது தலைமைச் செயலகம். அடையாள அட்டை இருந்தால் சோதனை முடித்து உள்ளே போகலாம். 1680இல் எழுந்த புனித மேரி தேவாலயமும், 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை வைத்திருக்கிற அருங்காட்சியகமும் போதும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள். 1851இல் தொடங்கியது. எல்லாக் கூடங்களையும் சுற்றிக் கால் வலிப்பதைவிட, வெண்கலச் சிலைக் கூடத்துக்கு நேராகப் போய் அங்கேயே இருங்கள். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இரண்டும் அங்கே. கோயிலில் பட்டும் மாலையும் போட்டு மறைத்திருக்கிற திருமேனியை இங்கே சுற்றி வந்து முதுகுப் பக்கத்தையும் பார்க்கலாம். அர்த்தநாரீசுவரரைப் பின்னாலிருந்து பாருங்கள்: பாதி இடுப்பு ஆணின் நேர்கோடு, பாதி இடுப்பு பெண்ணின் வளைவு, நடுவில் தையல் தெரியாது. அமராவதிச் சிற்பங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மெரினா: காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை

மெரினாவை மாலையில் மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும். இரண்டாம் நாள் விடிகாலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். நடைப்பயிற்சிக்காரர்கள், சிலம்பம் சுற்றும் பிள்ளைகள், வலையை உதறுகிற நொச்சிக்குப்பம் மீனவர்கள் என்று கரை விழித்துக்கொண்டிருக்கும். பௌர்ணமியன்று மாலையில் இருக்க வாய்த்தால் விடாதீர்கள். சூரியன் பின்னால் இறங்குகிற நேரத்தில் எதிரே கடலிலிருந்து நிலா செம்பு நிறத்தில் மேலே வரும். துறைமுகத்துக்கு முறை காத்து நிற்கிற கப்பல்களின் விளக்குகள் அடிவானத்தில் வரிசையாகத் தெரியும்.

மாலைக் கடற்கரையின் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைச் சூடாக, தூக்குப் பாத்திரத்தோடு வருகிற பையன்களிடம் வாங்குங்கள். மிளகாய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து எடுக்கிறபோதே சாப்பிட வேண்டியது; அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். நடக்க முடியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கடல் பக்கத்தில் போவதற்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களை அவசியம் அழைத்துப் போங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே கடலில் குளிக்காதீர்கள். அலை மேலே சாதுவாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கிப் போயிருக்கிறார்கள். கணுக்கால் நனைத்தால் போதும். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

சாலையோரம் நடக்கும்போது கண்ணில் படுகிறவை: தேபி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை; அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டி, 1897இல் விவேகானந்தர் வந்து தங்கிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியதும் இந்த நகரத்தின் கடற்கரையில்தான், 1923இல். தெற்குக் கோடியில் கலங்கரை விளக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போங்கள், ஐந்தோடு மூடிவிடுவார்கள். லிஃப்டில் ஏறி மேலே நின்று வடக்கே திரும்பினால், துறைமுகச் சுவரும் அதன் இந்தப் பக்கம் சேர்ந்து கிடக்கிற மணலும் ஒரே பார்வையில் தெரியும்.

திருவல்லிக்கேணி பக்கத்திலேயே இருக்கிறது. மீசை வைத்த பெருமாளைப் பார்த்தசாரதி கோயிலில் தரிசித்துவிட்டு, பின்னாலேயே பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். சாம்பாரில் மிதக்கிற இட்லிக்கு ரத்னா கஃபே. ரமலான் மாதத்தில் வந்தால் மாலையில் வாலாஜா பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். நோன்பு திறக்கிறவர்களுக்கு சிந்தி இந்துக்கள் பல ஆண்டுகளாக உணவு பரிமாறுகிறார்கள்.

மயிலாப்பூர்

மாலை ஐந்தரைக்குத் திருமயிலையில் இறங்கி நடந்து வாருங்கள். கபாலீசுவரர் கோயிலுக்குள் போகும் முன் மாட வீதிகளை ஒரு சுற்று சுற்றுங்கள். தரையில் பரப்பிய கீரைக்கட்டு, வாழைப்பூ, பூக்கடை, பித்தளைப் பாத்திரக்கடை. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைகள். காளத்தி கடையில் ஒரு ரோஸ்மில்க். காலை டிபனுக்கு வந்தால் சந்துக்குள் இருக்கிற ராயர் கஃபே. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், கெட்டிச் சட்னிக்காகக் காத்திருக்கலாம்.

பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா. நாயன்மார்கள் அறுபத்து மூவரும் பல்லக்கில் வீதி வருவதைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். வழியெல்லாம் நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள். மார்கழியில் வருகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்துச் சபாக்களில் இசைவிழா. பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும், ஆனால் பகலில் இளைஞர்கள் பாடுகிற பல கச்சேரிகளுக்கு இலவசமாகப் போகலாம். எனக்கு அந்தப் பகல் கச்சேரிகள்தான் பிடிக்கும். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் தூரம் குறைவு. சபா கேண்டீனில் சாப்பிடாமல் வராதீர்கள்.

தெற்கே, ஆமைகள் வருகிற கரை

இரண்டாம் நாளின் மிச்சத்தை அடையாறு, பெசன்ட் நகருக்கு வையுங்கள். பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) தோட்டமும் ஆலமரமும் ஞாயிறு தவிர மற்ற நாட்களில், குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். எலியட்ஸ் கடற்கரையில் தனியாக நிற்கிற வெள்ளை வளைவு, 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்தால் ஆமை நடையை மட்டும் தவறவிடாதீர்கள். மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமைகள் இரவில் இந்தக் கரையேறி, மணலில் குழி பறித்து நூற்றுக்கு மேல் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இரவெல்லாம் கரையில் நடந்து, நாய்களும் ஆட்களும் எடுக்கும் முன் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட அழைத்துப் போவார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், நடுநிசியில் தொடங்கி விடிகாலையில் முடியும். டார்ச், போன் வெளிச்சம் எதுவும் கூடாது. ஆமை மிரண்டு முட்டையிடாமலே திரும்பிவிடும். நடக்கிற அன்று ஆமை வரும் என்று உத்தரவாதம் இல்லை. கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குப் போனால், உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகளை மணலில் விடுவதையும் அவை தாமாகவே கடலைத் தேடிப் போவதையும் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்

திருவான்மியூரிலிருந்து காலையிலேயே மாமல்லபுரம் பேருந்து பிடியுங்கள். வெயிலுக்கு முன் கடற்கரைக் கோயில், பிறகு அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள். திரும்பும் வழியில் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா; தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

வெளியூர் போக விருப்பமில்லாதவர்கள் மாலையில் பரங்கிமலை ஏறலாம். உச்சியில் போர்ச்சுகீசியர் கட்டிய சிறு தேவாலயம், கீழே விமான ஓடுபாதை. இந்தியாவை அளந்த பெரும் நில அளவைக்காக வில்லியம் லாம்டன் 1802இல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான நேர்கோட்டை, அளந்தது இந்த மலையடிவாரத்தில்தான்.

ஊர் திரும்பும்போது

தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. அது வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. ஆப்பில் வண்டி பிடிக்கும்போது பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கேளம்பாக்கத்தைத் தவறுதலாகப் போட்டுவிடாதீர்கள், பேருந்து போய்விடும். திருவல்லிக்கேணியிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்தைய நாளும் மூன்று மணி நேரம். தாம்பரம் வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடித்தால் கிண்டி நெரிசலில் மாட்ட மாட்டீர்கள்.